மெட்ராஸ் வந்து வெறுங்கையோடு திரும்பிய புரூஸ் லீ: இரண்டரை வருஷத்தில் உலக ஸ்டார் ஆனது எப்படி?

சங்கரன்கோவிலோ, சான் பிரான்சிஸ்கோவோ, எந்த ஊர்த் தெருவாக இருந்தாலும் சரி. ஒரு பையன் காலைத் தூக்கி உதைக்கிற மாதிரி நின்றால் போதும், இவரு பெரிய புரூஸ் லீ என்று பக்கத்தில் ஒருத்தர் கிண்டலடிப்பார். அவருடைய படம் ஒன்றைக்கூட முழுசாகப் பார்க்காதவர்களுக்கும் அந்தப் பெயர் தெரியும். இத்தனைக்கும் அவர் இறந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது.

அந்த புரூஸ் லீ ஒருமுறை நம்ம மெட்ராஸுக்கு வந்திருக்கிறார். 1971-ம் ஆண்டு தொடக்கத்தில் நடந்த விஷயம் இது. ஆனால் வந்தது ஸ்டாராக இல்லை. ஒரு படத்துக்கு லொகேஷன் பார்க்க வந்த மூன்று பேரில் ஒருவர், அவ்வளவுதான். அவர் உயிரோடு இருந்தவரை அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை.

அந்த வாய்ப்பு கைநழுவியதுதான் அவரை வேறு பாதைக்குத் திருப்பியது. அடுத்த இரண்டரை வருஷத்தில் ஆசியாவின் பெரிய ஸ்டார் ஆனார், ஹாலிவுட்டே அவரைத் தேடி வந்தது. ஆனால் உலகம் அவரைக் கொண்டாடத் தொடங்கியபோது அவர் இல்லை.

அப்படி என்னதான் நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

பிறந்தது அமெரிக்கா, வளர்ந்தது ஹாங்காங்

1940 நவம்பர் 27. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், சீனர்கள் வாழும் சைனாடவுன் பகுதி மருத்துவமனையில் பிறந்தார் புரூஸ் லீ. அப்பா லீ ஹோய் சுவென், கான்டனீஸ் இசை நாடகக் கலைஞர். நாடகக் குழுவோடு அமெரிக்காவுக்கு வந்திருந்த நேரத்தில்தான் மகன் பிறந்தான்.

வீட்டில் வைத்த பெயர் லீ ஜுன் ஃபான். புரூஸ் என்பது மருத்துவமனையில் வைத்த பெயர். சீன நாள்காட்டிப்படி அது டிராகன் ஆண்டு.

கைக்குழந்தையாக இருந்தபோதே 'கோல்டன் கேட் கேர்ள்' என்ற படத்தில் முகம் காட்டிவிட்டார். 1941-ல் குடும்பம் ஹாங்காங் திரும்பியது. அந்த வருஷ டிசம்பரிலேயே ஜப்பான் ராணுவம் ஹாங்காங்கைப் பிடித்தது. போரும் பஞ்சமும்தான் அவருடைய ஆரம்பக் குழந்தைப் பருவம்.

போர் முடிந்ததும் சினிமா மறுபடி சூடுபிடித்தது. 1950-ல் வெளியான 'தி கிட்' படத்தில் குழந்தை நட்சத்திரமாகப் பேர் வாங்கினார். லீ சியூ லுங், அதாவது குட்டி டிராகன் என்ற பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. 18 வயதுக்குள் ஏறக்குறைய 20 படங்கள்.

முதல் அடி: நீ முழு சீனன் இல்லை

ஹாங்காங் தெருக்களில் அந்தக் காலத்தில் பையன்கள் கும்பல் கும்பலாக மோதிக்கொள்வது சகஜம். புரூஸ் லீயும் அதில் ஒருவர். அடி வாங்காமல் இருக்க வேண்டும் என்றால் முறையாகக் கற்க வேண்டும் என்று 13 வயது வாக்கில் இப் மான் என்ற ஆசானிடம் சேர்ந்தார். அவர் கற்றுக்கொடுத்தது விங் சுன் என்ற குங்ஃபூ முறை. நெருங்கி நின்று, குறைந்த அசைவில், வேகமாக அடிக்கிற முறை அது.

அங்கேதான் முதல் பிரச்னை வந்தது. புரூஸ் லீயின் அம்மா கிரேஸ் ஹோவின் குடும்பத்தில் ஐரோப்பிய ரத்தம் கலந்திருந்தது. அது தெரிந்ததும் சக மாணவர்கள் சிலர் முறுக்கிக்கொண்டார்கள். முழு சீனனாக இல்லாதவனுக்கு எதற்கு நம் கலையைச் சொல்லித்தர வேண்டும் என்பது அவர்கள் வாதம். கடைசியில் மூத்த மாணவர் வோங் ஷுன் லியுங் போன்ற சிலரோடு தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டியிருந்தது.

சண்டை மட்டும் இல்லை, ஆட்டத்திலும் கில்லாடி. 1958-ல் ஹாங்காங்கின் சா-சா நடனப் போட்டியில் சாம்பியன். அதே ஆண்டு பள்ளிகளுக்கு இடையேயான குத்துச்சண்டையிலும் வென்றார். பின்னாளில் திரையில் அவர் கால் வைக்கிற விதத்தில் ஒரு தாளம் தெரிகிறதே, அதற்கு இந்த நடனமும் ஒரு காரணம்.

ஆனால் தெருச் சண்டைகள் போலீஸ் வரை போனதும் வீட்டில் பயந்துவிட்டார்கள். பிறந்த நாட்டுக்கே அனுப்பிவிடலாம் என்று முடிவானது.

100 டாலரோடு ஏறிய கப்பல்

1959-ல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். கையில் 100 டாலர். அப்போது 18 வயது. சான் பிரான்சிஸ்கோவில் இறங்கி, பிறகு சியாட்டில் நகருக்குப் போனார். அங்கே ரூபி சோ என்ற குடும்ப நண்பரின் உணவகத்தில் தங்கி, சர்வர் வேலை பார்த்தபடியே படித்தார்.

1961-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தத்துவத்தில் ஆர்வம். கூடவே குங்ஃபூ வகுப்பும் எடுத்தார். வெள்ளையர், கறுப்பர், ஜப்பானிய வம்சாவளியினர் என யார் வந்தாலும் கற்றுக்கொடுத்தார். தன்னிடம் ரத்தக் கணக்கு பார்த்த ஊரில் பட்டது மறக்குமா?

வகுப்புக்கு வந்த மாணவி லிண்டா எமரியைக் காதலித்து 1964-ல் திருமணம் செய்தார். லிண்டா வீட்டில் எதிர்ப்பு. சீனருக்கும் வெள்ளையருக்கும் கல்யாணம் என்றாலே முகம் சுளித்த காலம் அது.

அதே 1964 ஆகஸ்ட்டில் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் ஒரு பெரிய கராத்தே போட்டி நடந்தது. அங்கே புரூஸ் லீ செய்துகாட்டிய வித்தைகள் கூட்டத்தைக் கட்டிப்போட்டன. பார்த்தவர்களில் ஒருவர் ஹாலிவுட் நட்சத்திரங்களுக்கு முடிதிருத்தும் ஜே செப்ரிங். அவர் மூலமாக விஷயம் டிவி தயாரிப்பாளர் வில்லியம் டோஸியர் காதுக்குப் போனது.

1965 பிப்ரவரி முதல் தேதி மகன் பிராண்டன் பிறந்தான். சில நாட்களில் ஹாலிவுட்டில் ஸ்கிரீன் டெஸ்ட். அடுத்த சில நாட்களில் ஹாங்காங்கில் அப்பா இறந்த செய்தி. எல்லாம் ஒரே வாரத்துக்குள்.

முகமூடி போட்ட டிரைவர்

கிடைத்த வேடம் என்ன தெரியுமா? 'தி கிரீன் ஹார்னெட்' டிவி தொடரில் ஹீரோவின் டிரைவர் கேட்டோ. 1966 செப்டம்பரில் தொடங்கி 26 எபிசோட்களோடு 1967-ல் நின்றுபோனது. முகத்தில் பாதி முகமூடி, வசனம் குறைவு. ஆனால் சண்டைக் காட்சி வந்தால் கண் முழுக்க டிரைவர் மேல்தான்.

தொடர் முடிந்ததும் வாய்ப்புகள் வற்றின. சின்னச் சின்ன வேடங்கள், சண்டைக் காட்சி அமைக்கும் வேலை, இவ்வளவுதான். ஆசிய முகத்தை ஹீரோவாகப் போட ஹாலிவுட்டில் யாரும் தயாராக இல்லை.

வீட்டுச் செலவுக்குக் கைகொடுத்தது பயிற்சி வகுப்பு. நடிகர்கள் ஸ்டீவ் மெக்குயின், ஜேம்ஸ் கோபர்ன், திரைக்கதை எழுத்தாளர் ஸ்டெர்லிங் சிலிஃபான்ட், கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல் ஜப்பார் என மாணவர் பட்டியல் பெரியது. 1967-ல் தன் முறைக்கு ஜீத் குன் டோ என்று பெயர் வைத்தார். எதிராளியின் அடியை வழியிலேயே மறிக்கும் முஷ்டியின் வழி என்பது அதன் பொருள். ஒரே பாணிக்குள் அடைந்து கிடக்காமல், எந்தக் கலையில் எது பயன்படுமோ அதை எடுத்துக்கொள்வதுதான் அதன் அடிப்படை.

1970-ல் பெரிய இடி. எடை தூக்கும் பயிற்சியில் முதுகில் பலத்த காயம். மாதக்கணக்கில் படுக்கை. பழையபடி உதைக்க முடியுமா என்பதே சந்தேகம் என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள். இரண்டு குழந்தைகள், வீட்டுக் கடன் வேறு. லிண்டா வேலைக்குப் போனார். புரூஸ் லீ படுத்தபடியே நோட்டு நோட்டாக எழுதினார். பிறகு மெல்ல எழுந்து பயிற்சியைத் தொடங்கினார்.

இந்தியாவுக்கு ஏன் வந்தார்?

இங்கேதான் நம்ம ஊர் கதைக்குள் வருகிறது.

புரூஸ் லீ, கோபர்ன், சிலிஃபான்ட் மூவரும் சேர்ந்து ஒரு கதை உருவாக்கினார்கள். பெயர் 'தி சைலன்ட் ஃப்ளூட்'. தற்காப்புக் கலையையும் தத்துவத்தையும் கலந்த கதை. புரூஸ் லீ பல வேடங்களில் வருவதாகத் திட்டம். வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தது: படத்தை இந்தியாவில்தான் எடுக்க வேண்டும்.

ஏன் இந்தியா? விஷயம் கலை இல்லை, காசு. அப்போது இந்தியாவில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு கடுமை. வெளிநாட்டுப் படங்கள் இங்கே ஓடிச் சம்பாதித்த பணத்தை அந்த நிறுவனங்கள் அப்படியே தங்கள் நாட்டுக்கு எடுத்துப்போக முடியாது. வார்னர் பிரதர்ஸின் ரூபாய் இங்கே முடங்கிக் கிடந்தது. அதை இங்கேயே செலவு செய்து ஒரு படம் எடுத்துவிட்டால் லாபம் என்பது கணக்கு.

1971 தொடக்கத்தில் மூவரும் இந்தியா வந்தார்கள். டெல்லி, ராஜஸ்தான் பாலைவனம், மெட்ராஸ், கோவா என்று சுற்றினார்கள். கதைக்கு ஏற்ற இடம் தேடினார்கள், சண்டை தெரிந்த ஆட்களையும் தேடினார்கள்.

கோபர்னுக்கு எதுவும் பிடிக்கவில்லை. இந்த இடங்களில் இந்தக் கதையை எடுக்க முடியாது என்றார். புரூஸ் லீக்கு எப்படியாவது படம் நடந்தாக வேண்டும். மூவரில் அதிகம் தேவை அவருக்குத்தான். ஆனால் மார்க்கெட் உள்ள நடிகர் கோபர்ன். அவர் வேண்டாம் என்றதும் படம் முடிந்தது.

மாணவர் சொல்லுக்கு மதிப்பு, ஆசானின் சொல்லுக்கு இல்லை. ஸ்டார் அந்தஸ்து இல்லாமல் ஹாலிவுட்டில் எதுவும் நடக்காது என்பது புரூஸ் லீக்கு இதைவிடத் தெளிவாகப் புரிந்திருக்க முடியாது.

(இதே கதை பிறகு டேவிட் கேரடின் நடிக்க 'சர்க்கிள் ஆஃப் அயர்ன்' என்ற பெயரில் 1978-ல் படமானது. புரூஸ் லீ இறந்து ஐந்து வருஷம் கழித்து.)

இந்த 'பிக் பாஸ்' வேற!

அமெரிக்காவில் பாதி முகம் மறைத்து நடித்த டிரைவர், ஹாங்காங்கில் ஹீரோ ஆகியிருந்தார். அங்கே டிவியில் ஓடிய 'கிரீன் ஹார்னெட்' தொடரை மக்கள் கேட்டோ ஷோ என்றே அழைத்தார்கள். 1970-ல் மகனோடு ஊருக்குப் போனபோது கிடைத்த வரவேற்பைப் பார்த்து அவரே அசந்துபோனார்.

அந்த நேரத்தில் ஹாங்காங் சினிமாவை ஆண்டது ஷா பிரதர்ஸ். அங்கிருந்து விலகிய ரேமண்ட் சோ, 1970-ல் கோல்டன் ஹார்வெஸ்ட் என்ற புது நிறுவனம் தொடங்கியிருந்தார். பெரிய கம்பெனியோடு மோத அவருக்கு ஒரு புது முகம் தேவை. இரண்டு படங்களுக்கு 15,000 டாலர் என்று 1971-ல் புரூஸ் லீயை ஒப்பந்தம் செய்தார்.

முதல் படம் 'தி பிக் பாஸ்'. டிவியில் வருகிற நிகழ்ச்சி இல்லை, இது வேற. தாய்லாந்தின் பாக் சோங் என்ற சிற்றூரில் ஷூட்டிங். ஐஸ் ஃபேக்டரியில் வேலைக்குச் சேரும் ஒரு கிராமத்து இளைஞன். சண்டை போடமாட்டேன் என்று அம்மாவுக்கு சத்தியம் செய்துவிட்டு வந்தவன். ஐஸ் கட்டிக்குள் போதைப்பொருள் கடத்தும் முதலாளி, ஒவ்வொருவராகக் காணாமல் போகும் தொழிலாளிகள். கடைசியில் சத்தியம் உடைகிறது.

தாய்க்குக் கொடுத்த வாக்கு, ஏழைத் தொழிலாளி, கொடுமைக்கார முதலாளி. தமிழ் சினிமா ரசிகர்களுக்கு இதெல்லாம் புதுசா என்ன? படத்தின் ஆரம்பப் பகுதியில் ஹீரோ கை ஓங்குவதே இல்லை. அந்தப் பொறுமைதான் பிறகு விழுகிற முதல் அடிக்குத் தியேட்டரில் விசில் பறக்க வைத்தது.

1971 அக்டோபர் கடைசியில் ஹாங்காங்கில் படம் வெளியானது. வசூல் சுமார் 32 லட்சம் ஹாங்காங் டாலர். அதுவரை எந்தப் படமும் அங்கே அவ்வளவு வசூலித்ததில்லை.

அடுத்தடுத்து இரண்டு சாதனை

1972 மார்ச்சில் 'ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி'. இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்து ஷாங்காய் நகரம். ஆசானைக் கொன்றவர்களைத் தேடும் மாணவன். சீனர்களை இழிவாகப் பேசும் ஜப்பானியப் பயிற்சிக்கூடத்துக்குள் தனி ஆளாக நுழைந்து அடிக்கிறான். சங்கிலியால் கோத்த இரட்டைக் கட்டையான நுன்சாக்கு உலகப் புகழ் பெற்றது இவரால்தான். வசூல் சுமார் 44 லட்சம் ஹாங்காங் டாலர். தன் சாதனையைத் தானே முறியடித்தார்.

1972 டிசம்பரில் 'தி வே ஆஃப் தி டிராகன்'. எழுத்து, இயக்கம் இரண்டும் அவரே. ரோம் நகரில் உள்ள ஒரு சீன உணவகத்தைக் காப்பாற்ற வரும் கிராமத்து ஆள் கதை. ரோமின் பழைய கொலோசியம் அரங்கில் நடப்பதாக வரும் கடைசிச் சண்டையில் மோதியவர் அமெரிக்க கராத்தே சாம்பியன் சக் நோரிஸ். வசூல் சுமார் 53 லட்சம்.

இடையில் ஹாலிவுட் இன்னொரு அடியும் கொடுத்தது. 'குங்ஃபூ' என்ற டிவி தொடரில் சீனத் துறவி வேடம். புரூஸ் லீ பெயரும் பேசப்பட்டது. ஆனால் வேடம் போனது டேவிட் கேரடினுக்கு. அவர் சீனரும் இல்லை, குங்ஃபூ தெரிந்தவரும் இல்லை.

1971 டிசம்பரில் கனடா பத்திரிகையாளர் பியர் பெர்ட்டனுக்குக் கொடுத்த டிவி பேட்டியில் இதுபற்றி நிதானமாகவே பேசினார். பணம் போடுகிறவர்களின் பயம் தனக்குப் புரிகிறது, அவர்கள் இடத்தில் தான் இருந்தாலும் யோசித்திருப்பேன் என்ற பொருளில் சொன்னார். கோபம் இல்லாமல் இல்லை. அதை அடுத்த படத்துக்கு வைத்துக்கொண்டார்.

கடல் தாண்டியது எப்படி?

ஹாங்காங் படம் என்றால் அதுவரை யார் பார்ப்பார்கள்? ஹாங்காங், தைவான், சிங்கப்பூர், மலேசியா மற்றும் உலகெங்கும் உள்ள சீனக் குடியிருப்புகள். அந்த வட்டத்துக்குள் புரூஸ் லீ 1972-லேயே ராஜா. வட்டத்துக்கு வெளியே வந்தது 1973-ல்தான்.

அதற்கு வழி திறந்தது ஷா பிரதர்ஸின் வேறொரு படம். 'கிங் பாக்ஸர்' படத்தை ஆங்கிலத்தில் டப் செய்து, 'ஃபைவ் ஃபிங்கர்ஸ் ஆஃப் டெத்' என்ற பெயரில் வார்னர் பிரதர்ஸ் 1973-ல் அமெரிக்காவில் வெளியிட்டது. எதிர்பாராத ஹிட். உடனே மற்ற நிறுவனங்களும் ஹாங்காங் படங்களுக்குப் பறந்தன.

'தி பிக் பாஸ்' அங்கே 'ஃபிஸ்ட்ஸ் ஆஃப் ஃபியூரி' என்ற பெயரில் இறங்கியது. உண்மையான 'ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி'க்கு 'தி சைனீஸ் கனெக்‌ஷன்' என்று பெயர் வைத்தார்கள். இந்தப் பெயர்க் குழப்பம் ரசிகர்களை இன்றுவரை சுற்றலில் விடுகிறது.

1973 மே மாதத்தில் ஒரு வாரம், அமெரிக்க வசூல் பட்டியலின் முதல் மூன்று இடங்களிலும் ஹாங்காங் சண்டைப் படங்களே இருந்தன. முதலிடத்தில் புரூஸ் லீ.

யார் பார்த்தார்கள்? பெருநகரங்களின் நடுவே இருந்த சாதாரண தியேட்டர்களில் கறுப்பின இளைஞர்களும் லத்தீன் அமெரிக்க இளைஞர்களும் திரண்டார்கள். துப்பாக்கி இல்லை, பணம் இல்லை, பதவி இல்லை. தன் உடம்பை மட்டும் நம்பி, தன்னை மட்டம் தட்டியவனை எதிர்த்து நிற்கிறான் ஒருவன். டப்பிங் உதட்டோடு ஒட்டாவிட்டால் என்ன, அது எந்த மொழிக்காரனுக்கும் புரியும்.

'எண்டர் தி டிராகன்': தேடி வந்த ஹாலிவுட்

இந்தியப் பயணத்துக்குப் பின்னால் இருந்த அதே வார்னர் பிரதர்ஸ், இந்தத் தடவை ஹாங்காங்குக்கே வந்தது. தயாரிப்பாளர் ஃப்ரெட் வெய்ன்ட்ராப் முயற்சியில், புரூஸ் லீயும் ரேமண்ட் சோவும் நடத்திய கான்கார்ட் நிறுவனத்தோடு கூட்டுத் தயாரிப்பு. இயக்குநர் ராபர்ட் க்ளவுஸ். பட்ஜெட் சுமார் 8.5 லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்குக்கு அது சில்லறை.

அப்போதும் முழு நம்பிக்கை வரவில்லை. அதனால் ஒரு வெள்ளையர் ஜான் சாக்ஸன், ஒரு கறுப்பர் ஜிம் கெல்லி, கூட புரூஸ் லீ என்று மூன்று ஹீரோக்களைப் போட்டார்கள். ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் காப்பாற்றுவார் என்ற எண்ணம். படம் பார்த்தவர்கள் யாரைப் பார்த்தார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

1973-ன் முதல் மாதங்களில் ஹாங்காங்கில் ஷூட்டிங். படத்துக்கு முதலில் 'பிளட் அண்ட் ஸ்டீல்' என்றுதான் பெயர். 'எண்டர் தி டிராகன்' என்று மாற்றச் சொல்லி விடாப்பிடியாக நின்றவர் புரூஸ் லீ. டிராகன் என்பது அவருடைய பெயர். இதோ நான் வருகிறேன் என்று ஹாலிவுட்டுக்குச் சொல்வது போன்ற தலைப்பு.

சண்டைக் காட்சியில் உண்மையான கண்ணாடி பாட்டில் கிழித்துக் கையில் தையல் போட வேண்டியிருந்தது. கூட்டத்தில் அடி வாங்கும் ஸ்டன்ட் இளைஞர்களில் ஒருவர் பின்னாளைய ஜாக்கி சான். கண்ணாடி அறைக்குள் நடக்கும் கடைசிச் சண்டை இன்றும் படம் படமாக நகலெடுக்கப்படுகிறது.

இன்னொரு முக்கியமான விஷயம். ஹாங்காங் படங்களை அப்போது ஒலி இல்லாமல் எடுத்து, பிறகு வேறு ஆட்களை வைத்து டப்பிங் செய்வார்கள். 'எண்டர் தி டிராகன்' படத்தில்தான் உலக ரசிகர்கள் ஹீரோ புரூஸ் லீயின் சொந்தக் குரலைக் கேட்டார்கள்.

பார்க்காமலே போன வெற்றி

அந்தக் குரலைப் பதிவு செய்யும்போதுதான் முதல் எச்சரிக்கை வந்தது. 1973 மே 10, கோல்டன் ஹார்வெஸ்ட் ஸ்டூடியோ. ஒலிப்பதிவில் சத்தம் விழக்கூடாது என்று ஏசியை நிறுத்தியிருந்தார்கள். வெக்கை. புரூஸ் லீ மயங்கி விழுந்தார், வலிப்பும் வந்தது. மூளையில் வீக்கம் என்று கண்டுபிடித்து டாக்டர்கள் காப்பாற்றினார்கள். அமெரிக்கா போய்ப் பரிசோதனைகளும் செய்துகொண்டார்.

ஜூலை 20. அடுத்த படமான 'கேம் ஆஃப் டெத்' தொடர்பாக நடிகை பெட்டி டிங் பேய் வீட்டில் இருந்தபோது தலைவலி என்றார். ஒரு வலி மாத்திரை போட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வயது 32.

மாஃபியா, சாபம், ரகசிய அடி என்று எத்தனையோ கதைகள் சுற்றின, இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. எதற்கும் ஆதாரம் இல்லை. காரணம் மூளை வீக்கம்தான். மாத்திரையின் பொருள் உடலுக்கு ஒத்துக்கொள்ளாமல் அது நேர்ந்திருக்கலாம் என்ற மருத்துவக் கருத்தோடு, விசாரணை அதைத் தற்செயல் மரணம் என்று முடித்தது.

ஹாங்காங்கில் ஆயிரக்கணக்கானோர் தெருவில் திரண்டு விடை கொடுத்தார்கள். உடல் சியாட்டில் கொண்டு போகப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஒருவர் ஸ்டீவ் மெக்குயின். இன்னொருவர் ஜேம்ஸ் கோபர்ன். ஆமா, இரண்டரை வருஷத்துக்கு முன் இந்தியா முழுக்கக் கூடவே சுற்றிய அதே கோபர்ன்.

அடுத்த மாதம், 1973 ஆகஸ்ட்டில், அமெரிக்காவில் 'எண்டர் தி டிராகன்' வெளியானது. செலவைப் போலப் பல மடங்கு வசூல். கராத்தே, குங்ஃபூ வகுப்புகள் ஊருக்கு ஊர் முளைத்தன. எந்த வெற்றிக்காகக் காத்திருந்தாரோ, அதை அவர் பார்க்கவில்லை.

காஞ்சிபுரம் தொடர்பு உண்மையா?

புரூஸ் லீ போட்டது தமிழன் கொடுத்த கலை என்று ஃபார்வர்டு மெசேஜ் வந்திருக்கும். அது எவ்வளவு உண்மை?

'எண்டர் தி டிராகன்' படத்தில் அவர் ஷாவோலின் மடத்து வீரர். அந்த மடத்தின் மரபுக்கதையில் போதிதர்மர் வருகிறார். அவர் காஞ்சியில் இருந்து போன பல்லவ இளவரசர் என்பது பரவலான நம்பிக்கை. சூர்யா நடித்த '7ஆம் அறிவு' (2011) இதைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனது.

போதிதர்மர் தென்னிந்தியர் என்று சொல்லும் பழைய சீனக் குறிப்பு உண்டு. மேற்கில் பாரசீகம் பக்கம் இருந்து வந்தவர் என்று சொல்லும் குறிப்பும் உண்டு. அவர்தான் சண்டைக் கலையைக் கற்றுக்கொடுத்தார் என்ற கதை பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்டது. வரலாற்று ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. தவிர, புரூஸ் லீ முறையாகக் கற்றது விங் சுன். அதனால் நேரடித் தொடர்பு என்று சொல்ல இடமில்லை.

நிச்சயமான தொடர்பு வேறு. அது திரையில் நடந்தது.

சிலம்பம் பார்த்த ஊர்

தமிழ் ரசிகர்களுக்கு ஹாங்காங்கைத் திரையில் காட்டியவர் எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் புரூஸ் லீ முதலிடம் பிடித்த அதே 1973 மே மாதத்தில்தான் இங்கே 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளியானது. ஜப்பான், ஹாங்காங், சிங்கப்பூர், தாய்லாந்து என்று சுற்றி எடுத்த படம்.

வாத்தியாரின் வாள்வீச்சும் சிலம்பமும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, தனி ஆளாக நின்று ஒரு கூட்டத்தைச் சாய்க்கிற ஹீரோ அந்நியமாகத் தெரியவில்லை. புரூஸ் லீ படங்கள் வந்தபோது சப்டைட்டில் இல்லாமலே ரசித்தார்கள். ரஜினிகாந்தின் 'பாயும் புலி' (1983) ஹாங்காங்கின் ஷாவோலின் படம் ஒன்றின் தாக்கத்தில் உருவானது. ஜி.வி.பிரகாஷ் நடித்த ஒரு படத்தின் தலைப்பே 'புரூஸ் லீ' (2017).

எல்லோருக்கும் சொந்தமானவர்

அமெரிக்க நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், காத்து வைக்க வேண்டிய படங்களின் பட்டியலில் 2004-ல் 'எண்டர் தி டிராகன்' படத்தைச் சேர்த்தது. 2005 நவம்பரில் ஹாங்காங் கடற்கரையில் அவருக்கு வெண்கலச் சிலை வந்தது.

அதற்கு ஒரு நாள் முன்னதாக, அவர் கால் படாத ஓர் ஊரில் இன்னொரு சிலை திறக்கப்பட்டது. போஸ்னியாவின் மோஸ்டார் நகரம். 1990-களின் போரில் இனவாரியாக இரண்டாகப் பிளந்த ஊர். போர் முடிந்த பிறகும் எந்தத் தலைவர் பெயரைச் சொன்னாலும் ஒரு பக்கத்துக்குப் பிடிக்காது. எல்லாத் தரப்பும் ஏற்கும் ஒரு முகம் வேண்டும் என்று இளைஞர்கள் யோசித்தபோது கிடைத்த பெயர் புரூஸ் லீ.

சிவன் பாதி, திருமால் பாதியாக நிற்கும் சங்கரநாராயணரைக் கும்பிடுகிற சங்கரன்கோவில்காரர்களுக்கு, இரண்டு பாதி சேர்ந்து ஒன்றாக நிற்பதன் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஹாங்காங்கில் சிலருக்கு அவர் முழு சீனன் இல்லை. ஹாலிவுட்டில் சிலருக்கு அவர் ரொம்பவே சீனன். இரண்டு பக்கமும் கதவைச் சாத்தியது. ரசிகர்கள்தான் எந்தக் கணக்கும் பார்க்காமல் அவரை முழுசாக எடுத்துக்கொண்டார்கள்.